வாத்தக்காவின் ஐந்து வினாடி

அவள் முகத்தைத் தெரிந்தவர்கள் அவள் குடியிருந்த கட்டடத்தில்கூடப் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். குரலைத் தெரியாத குழந்தைதான் அந்த ஊரிலேயே கிடையாது. கடையில் வரிசையில் நின்று, "அண்ணா, ரெண்டு சோப்பு சேர்த்துப் போடுங்க" என்று அவள் வாயைத் திறந்தால் போதும், முன்னால் நிற்கும் குழந்தைத் தள்ளுவண்டியிலிருந்து ஒரு சின்னத் தலை வெடுக்கென்று திரும்பும். தாய்க்காரி ஒன்றும் புரியாமல் சுற்றுமுற்றும் பார்ப்பாள். இவளோ ஒன்றும் அறியாதவள் போல சோப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவாள். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கும்.

பள்ளிக்கூட வயது வராத பிள்ளைகளுக்கென்று ஒரு நிறுவனம் செயலி நடத்தி வந்தது. போனிலும் ஓடும், டிவியிலும் ஓடும். பாட்டு, கதை, எண்ணிக்கை, நிறம், பல் தேய்ப்பது எப்படி என்று நாளுக்கு ஒரு பாடம். அதில் தொப்பி போட்ட மஞ்சள் வாத்து ஒன்று வந்து கேள்வி கேட்கும். பிள்ளைகள் வாத்தக்கா என்பார்கள். அந்த வாத்துக்குக் குரல் கொடுத்தவள் இவள்.

வாத்தக்காவின் கெட்டிக்காரத்தனம் பேச்சில் இல்லை, பேசாமல் இருப்பதில் இருந்தது. "இது என்ன நிறம்? சொல்லு பாப்போம்!" என்று கேட்டுவிட்டுக் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு சும்மா நிற்கும். முழுசாக ஐந்து வினாடி. திரைக்கு முன்னால் இருக்கும் பிள்ளை யோசித்து, வாயைத் திறந்து, சொல்லி முடிக்க அவ்வளவு நேரம் வேண்டும் என்று படித்தவர்கள் கணக்கிட்டு வைத்திருந்தார்கள். குரல் தேர்வுக்கு வந்த மற்றவர்கள் எல்லாம் இரண்டாவது வினாடியிலேயே பொறுக்கமாட்டாமல் "சபாஷ்!" போட்டுவிட்டார்கள். இவள் ஒருத்திதான் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணி, ஐந்தும் மடங்கிய பிறகு, "ரொம்ப சமத்து!" என்றாள். அன்றைக்கே வேலை அவளுக்கு என்று ஆகிவிட்டது.

பெற்றோர்கள் நிறுவனத்துக்கு எழுதுவதை அவளுக்கும் அனுப்பிவைப்பார்கள். மூன்று வயது வரை வாயே திறக்காத எங்கள் பையன் முதலில் பதில் சொன்னது வாத்தக்காவுக்குத்தான் என்று ஒரு அப்பா எழுதியிருந்தார். அதை அவள் கணவருக்கு வாசித்துக் காட்டினாள். அவர் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்ப்பவர், பேச்சில் படு சிக்கனம். "ம்" என்றார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய பாராட்டு.

ஒன்றரை வருஷமாக வேலை வீட்டிலேயே. படுக்கையறைத் துணி அலமாரிதான் ஒலிப்பதிவுக்கூடம். இருபக்கமும் தொங்கும் துணிகளுக்கு நடுவில் தலையை நுழைத்துக்கொண்டு, மடியில் தாளும் மூக்குக்கு நேரே மைக்குமாக உட்கார்ந்திருப்பாள். மேல்வீட்டுக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் வேலைக்குப் போய்விடுகிற மத்தியானம்தான் அதற்குத் தோதான நேரம். ஆனால் மழலையர் வகுப்பு முடிந்து மகள் வீடு திரும்புவதும் மத்தியானம்தான்.

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். படுக்கையறைக் கதவுக்கு மேலே வெளிப்பக்கம் கணவர் ஒரு சிவப்பு பல்பை மாட்டினார். சுவிட்ச் உள்ளே. பல்பு எரிந்தால் வீட்டில் பேச்சு, பாட்டு, ஓட்டம் எதுவும் கூடாது, விரல் உதட்டுக்குப் போய்விட வேண்டும். இரண்டரை வயதில் மகள் அதை ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டாள். வந்துபோகும் சொந்தக்காரர்களிடம் எல்லாம் இவளுக்கு அதுதான் பெருமை. "பல்பு எரிஞ்சா எங்க சுண்டெலி மூச்சு கூட விடமாட்டா. அவ்ளோ சமத்து!" வீட்டில் மகளுக்குப் பெயரே சுண்டெலி என்று ஆகிப்போனது.

மகளுக்கு நாலு வயது ஆனது. மழலையர் வகுப்பு மிஸ் ஒருநாள் இவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

குட்டி நாற்காலியில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தாள் இவள். மிஸ் சுற்றிவளைக்கவில்லை.

"ஆறு மாசமா உங்க பொண்ணு இங்க ஒரு வார்த்தை பேசலம்மா. எல்லாம் புரியுது அவளுக்கு. கேட்டா விரலை வாயில வச்சுக்கிட்டு என்னையே பாக்குறா. வீட்ல எப்படி?"

"அவங்க அப்பா மாதிரி மிஸ். அமுக்கமான டைப்பு" என்று இவள் சிரித்தாள்.

"தப்பா நினைக்காதீங்க. பேசாதே, சத்தம் போடாதேன்னு யாராவது கண்டிக்கிறீங்களா?"

இவளுக்குச் சுருக்கென்றது. "நாங்களா? அவமேல ஒரு அடி விழுந்ததில்ல மிஸ். சத்தமா ஒரு அதட்டல் கூடக் கிடையாது. வேணும்னா அவங்க அப்பாவைக் கேட்டுப் பாருங்க!"

"சரிம்மா. ஆனா இப்படியே போனா வெள்ளிக்கிழமையோட இவளை ரெண்டு வயசுப் பிள்ளைங்க வகுப்புக்கு மாத்துறதா இருக்கோம். அங்க பேச்சு கம்மி, அவளுக்கும் சிரமம் இருக்காது." பிறகு மிஸ் ஆறுதலாக ஒன்று சொன்னார். "ஒண்ணு பண்ணுங்க. வாத்தக்கான்னு ஒரு ஆப் இருக்கு. கூச்சப்படற பிள்ளைங்க கூட அதுக்கு வாய் திறக்குது. போட்டுக் காட்டிப் பாருங்களேன்."

நான்தான் அது என்று சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டாள். ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் பேச வைக்கிறவள் பெற்ற பிள்ளை ஊமை மாதிரி உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள். அவமானம்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த அவமானத்தை அவள் தன் கணக்கில் வைத்துக்கொள்ளவில்லை, மொத்தத்தையும் மகள் தலையில் கட்டினாள். வழியெல்லாம், "பேசினா என்னடி? வாய்ல இருக்கிற முத்து உதிர்ந்திடப் போகுதா? என்ன குறை வச்சோம் உனக்கு?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். மகள் அம்மாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நடந்தாள்.

இரண்டு நாள் கழித்து, புதன்கிழமை காலையில், நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் போன் செய்தார். வயதில் மூத்தவர், இவள் அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அந்த ஐந்து வினாடிகளைச் சீர் செய்கிற வேலை அவருடையது. காத்திருக்கும்போது இவள் மூச்சு விடுவாள், எச்சில் விழுங்குவாள், தாள் சரசரக்கும். அதை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் அறையின் வெறும் மௌனத்தை வைத்து ஒட்டுவார். எந்த அறையின் மௌனமானாலும் சரி என்று இல்லை, அதே அறையின் மௌனமே வேண்டும். இல்லாவிட்டால் காதுக்கு ஒட்டுப்போட்டது தெரிந்துவிடும். அதனால் தினமும் வேலை முடிந்ததும் இவள் பதிவை ஓடவிட்டு, சிவப்பு பல்பையும் அணைக்காமல், பூனை நடை நடந்து சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வருவாள். அந்த இரண்டு நிமிஷக் கோப்புக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'காலி அறை'.

"ஏம்மா, காலி அறையில ஏதோ இருக்கும்மா" என்றார் அவர்.

"பக்கத்துல தச்சு வேலை நடக்குதுண்ணா. வேணும்னா இன்னொண்ணு எடுத்து அனுப்பிடறேன்."

"தச்சு வேலை இல்ல." கொஞ்சம் தயங்கினார். "முதல்ல எலின்னு நினைச்சேன். சத்தத்தைக் கூட்டி வச்சுக் கேட்டேன். மூணு வாரமா எல்லா ஃபைல்லயும் இருக்கு. நேத்து வந்ததை அனுப்பறேன். தனியா இருக்கும்போது கேளும்மா. நான் யார்கிட்டயும் சொல்லல."

யாரிடமும் சொல்லாமல் இருக்க அப்படி என்ன இருக்கிறது என்று இவளுக்குத் தோன்றியது. அலமாரிக்குள் போய் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினாள்.

முதலில் ஒன்றுமில்லை. அறை தன்பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. தூரத்தில் சமையலறையில் டம்ளர் வைக்கும் சத்தம். பிறகு துணி உரசும் சத்தம், மிக அருகில். பிறகு ஒரு மூச்சு.

"மஞ்ச" என்றது ஒரு குரல். காற்றைவிடக் கொஞ்சம்தான் கனம். "அப்புறம்... மூணு. மூணு ஆப்பிள். அப்புறம் பெரிசு. யானைதான் பெரிசு. செருப்பு கட்டிலுக்கு அடியில இருக்கு."

அன்றைய பாடத்தில் வாத்தக்கா கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் அவை. வரிசை மாறவில்லை. ஒன்றுகூடத் தப்பில்லை. கதவுக்கு வெளியே பல்பைப் பார்த்துக்கொண்டு, விரலை உதட்டில் வைத்தபடி, ஒரு மணி நேரம் அத்தனை பதிலையும் வாய்க்குள்ளேயே சேர்த்து வைத்திருந்திருக்கிறாள் மகள். அம்மா தண்ணீர் குடிக்கப் போனதும் ஓடிவந்து, வாத்தக்கா இருக்கும் அலமாரிக்குள் இறக்கி வைத்திருக்கிறாள். கடைசியில் தன்னைத்தானே பாராட்டிக்கொண்டாள், வாத்தக்கா குரலில்: "ரொம்ப சமத்து!" உடனே பயந்துபோய், "ஷ்ஷ்... லைட்டு எரியுது."

பதிவு அதோடு முடிந்திருந்தால் இவள் எப்படியோ தாங்கியிருப்பாள். கோப்பில் இன்னும் பத்து வினாடி பாக்கி இருந்தது. கதவு திறந்தது. "இங்க என்ன பண்ற? லைட்டு எரியுதுல்ல? எத்தனை தடவ சொல்றது உனக்கு? வாய மூடிக்கிட்டு வெளிய போ!"

அதுவும் இவள் குரல்தான். அதட்டல் இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிற ரகசியக் குரல். நேற்று அப்படிச் சொன்னது இவளுக்கு நினைவே இல்லை. தினமும் சொல்வது எங்கே நினைவில் நிற்கும்? இன்னொரு முறை போட்டுக் கேட்டாள். பழக்கதோஷத்தில் விரல்கள் எண்ணத் தயாராயின. "என்ன பண்ற?" என்று கேட்டதற்கும் அடுத்த கேள்விக்கும் நடுவில் ஒரு விரலை மடக்கக்கூட நேரமில்லை. ஊரான் வீட்டுப் பிள்ளைக்கு ஐந்து வினாடி, பெற்ற பிள்ளைக்கு அரை வினாடிகூட இல்லை. இதை அந்த அண்ணா மூன்று வாரமாகச் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டிருக்கிறார். இவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. நெற்றி முட்டும் துணிகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அழும்போதும் சத்தம் வெளியே வராமல் பார்த்துக்கொண்டாள். அந்த வீட்டில் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டிருந்தது.

சாயங்காலம் கணவர் வந்ததும் ஹெட்போனை அவர் காதில் மாட்டினாள். அவர் நின்றபடியே முழுதும் கேட்டார். "பல்பை மாட்டினது நான்தான்" என்றார். ஸ்டூலைப் போட்டு ஏறிக் கழற்றினார். சுவரில் இரண்டு ஓட்டைகள் மிஞ்சின. மகள் வந்து கீழே நின்று அந்த ஓட்டைகளை அண்ணாந்து பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதற்கு யார் பழக்கினார்கள்?

வியாழக்கிழமை மத்தியானம் வகுப்பு விடும் நேரத்துக்கு இவள் போனாள். காதும் காதும் வைத்தாற்போல முடித்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் மிஸ்ஸைத் தனியாகப் பிடிக்க முடியவில்லை. வாசலில் நாலைந்து தாய்மார்கள், உள்ளே பாயில் இருபது பிள்ளைகள், அவரவர் ஷூவுக்கு ஆளுக்கொரு சண்டை. இவள் பிள்ளை மட்டும் சுவரோரம் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். நாளைக்கு வெள்ளிக்கிழமை.

"மிஸ், அன்னிக்கு நான் பொய் சொல்லிட்டேன்" என்றாள் இவள். "பேசாதேன்னு யாரும் சொல்றதில்லன்னேன்ல. நான்தான் சொல்றேன். தினமும். வீட்லதான் எனக்கு ரெக்கார்டிங். அதுக்காக இவ வாயை அடைச்சே வச்சிருந்தேன். வகுப்பு மாத்திடாதீங்க, இவளுக்கு எல்லாம் தெரியும்."

"என்ன ரெக்கார்டிங்?"

"நான்தான் வாத்தக்கா."

தாய்மார்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். மிஸ்ஸின் முகத்தில், பாவம், பிள்ளைக் கவலையில் என்னவோ உளறுகிறாள் என்பது போல ஒரு கனிவு வந்தது. இவளுக்கு வேறு வழி தெரியவில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பி, மிஸ்ஸின் மேசையில் இருந்த பந்தை எடுத்துக் காட்டி, அந்தக் குரலில் கேட்டாள்.

"இது என்ன நிறம்? சொல்லு பாப்போம்!"

கூரை பிய்த்துக்கொண்டு போனது. "மஞ்ச! மஞ்ச! வாத்தக்கா, மஞ்ச!" ஒற்றைக் கால் ஷூவோடு பிள்ளைகள் ஓடிவந்து இவள் காலைக் கட்டிக்கொண்டார்கள்.

சுவரோரம் இருந்த மகள் அம்மாவின் குரலைக் கேட்டதும் சட்டென்று நிமிர்ந்தாள். விரல் உதட்டுக்குப் போனது. எழுந்து வந்து, கத்திக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவரின் முன்னாலும் நின்று, கண்ணை உருட்டி, "ஷ்ஷ்... ஷ்ஷ்..." என்று அடக்கப் பார்த்தாள். அம்மாவின் வேலை கெட்டுவிடக் கூடாதே என்று அவ்வளவு பதற்றம் அந்த முகத்தில். சிரித்த தாய் சிரிப்பை நிறுத்திவிட்டாள். மிஸ் இவளைப் பார்த்தார், அவ்வளவுதான். இவள் தலை தானாகக் குனிந்துகொண்டது.

பந்தைக் கீழே வைத்துவிட்டு மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். வாத்தக்கா குரலைத் தூரப் போட்டுவிட்டுத் தன் குரலில் கேட்டாள், "நீ சொல்லு தங்கம். இது என்ன நிறம்?"

விரல்கள் மடங்கின. ஐந்தும் மடங்கி முடிந்தன. மறு கையும் மடங்கியது. மகள் பந்தைப் பார்க்கவில்லை. வகுப்புக் கதவுக்கு மேலே பார்த்தாள், சுவர் முழுக்கத் தேடினாள். பிறகு அம்மாவின் காதருகே குனிந்தாள். ஆறு மாதத்தில் அந்த வகுப்பில் அவள் பேசிய முதல் பேச்சு அது.

"அம்மா, லைட்டை அணைச்சாச்சா?"

"அணைச்சாச்சு" என்று சொல்ல இவளுக்கு ஐந்து வினாடிக்கு மேல் ஆனது. அதுவரை மகள் பொறுமையாகக் காத்திருந்தாள்.