ட்ரெயினர் காலமும் என்னுடைய ஓமும்

1. தேய்ந்த சப்பாத்து

காலம் எங்கள் உதைபந்தாட்டக் கிளப்புக்கு ஆட வந்த முதல் நாளே அவனுடைய சப்பாத்தை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அடியில் புல்லைப் பிடிக்கிற ஸ்டட் எல்லாம் தேய்ந்து போயிருந்தது.

"இதோடை இஞ்சத்தைப் புல்லிலை இறங்கினால் சறுக்கி விழுவாய். புதுசு பூட்டித் தாறன், கொஞ்சம் நில்லு" என்றேன்.

ஸ்கொட்லாந்துக்காரன், பனைமரம் மாதிரி உயரம். என்னைக் குனிந்து பார்த்தான்.

"நீ ஆர்?"

"மகா. இந்தக் கிளப்பிலை உடுப்பு, சப்பாத்து, பந்து மூண்டுக்கும் நான்தான் ராசா."

"அப்ப நிக்கத்தான் வேணும்" என்று வாங்குப் பலகையில் இருந்துவிட்டான். ராசா யார் என்று முதல் நாளே விளங்கிக்கொண்டவன் அவன் ஒருவன்தான்.

நாங்கள் கதைத்தது டெனிஷில். அவனுடைய டெனிஷில் பாதி ஸ்கொட்லாந்து, என்னுடையதில் பாதி யாழ்ப்பாணம். உங்களுக்காக எல்லாவற்றையும் தமிழில் எழுதுகிறேன். அவனுடைய பெயரை அவன் ஊரில் எப்படிச் சொல்வார்களோ தெரியாது, எங்கள் வாயில் அது காலம்தான். என்னுடைய பெயர் மகாலிங்கம். வெள்ளைக்காரருக்கு நீளம் கூடிப்போய் மகா ஆக்கிவிட்டார்கள். மகா என்றால் பெரியவர் என்று நான் எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தேன்.

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேலே படிக்கவில்லை. இக்காஸ்ட் என்ற ஊரில் துணி பக்டரியில் சாயம் போடுகிற பகுதியில் வேலை செய்தேன். பக்டரியை மூடியபோது, அங்கிருந்து காரில் கொஞ்சத் தூரத்தில் இருந்த இந்தச் சின்னக் கிளப்பில் மெட்டீரியல்மேன் வேலை கிடைத்தது. வீரர்களின் உடுப்பைத் தோய்த்து, சப்பாத்தைப் பார்த்து, பந்துக்குக் காற்றடித்து வைக்கிற ஆள். சேறு பிடித்த வெள்ளை ஜேர்சியை நான் தோய்த்தெடுத்தால் கடையில் வாங்கியது போல இருக்கும். எதிர் டீம்காரர்கூட வந்து என்ன சோப் போடுகிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். நான் சொன்னதில்லை.

2. முழங்கால்

காலம் பதினேழு வயதில் அவனுடைய துறைமுக ஊர் டீமில் ஆடத் தொடங்கியவன். பிறகு இங்கிலாந்தில் சின்னச் சின்னக் கிளப்புகள். முப்பது தாண்டித்தான் எங்களிடம், கோலைக் காக்கிற பின்வரிசையில் சென்டர் பாக்காக வந்தான். பந்தைத் தலையால் அடித்தான் என்றால் ஸ்டேடியத்துக்கு வெளியே நிற்கிற சைக்கிள்காரனுக்கும் சத்தம் கேட்கும். இங்கேயே ஒரு டெனிஷ் பெட்டையைக் கட்டி, இரண்டு பெண் பிள்ளைகளும் பிறந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை முழங்கால் போய்விட்டது. இனி ஆடக்கூடாது என்று டொக்டர் சொன்ன அன்று நேரே என்னுடைய தோய்க்கிற அறைக்கு வந்து, ட்ரையருக்குப் பக்கத்தில், சூடான இடத்தில் இருந்தான்.

"மகா, பந்தைத் தவிர எனக்கு ஒண்டுமே தெரியாது."

"எனக்கு இஞ்ச வரேக்கை அதுகூடத் தெரியாது" என்றேன். "எழும்பு. உந்தச் சின்னப் பெடியளுக்குப் பந்து பழக்கிற ஆள் விட்டிட்டுப் போட்டானாம். போய்க் கேள்."

போய்க் கேட்டான். சின்னப் பெடியன்களுக்குப் பழக்கினான், பிறகு பெரிய டீமுக்கு உதவி ட்ரெயினர் ஆனான். ஒரு வசந்தத்தில் தலைமை ட்ரெயினர் சண்டை பிடித்துக்கொண்டு போனதும், கிளப் தலைவர் காலத்தைக் கூப்பிட்டு, "கோடை வரைக்கும் நீ பார். டிவிஷனிலை நிண்டால் பிறகு கதைப்பம். கீழை போனால் நீயும் போகவேண்டியதுதான்" என்றார்.

அப்போது நாங்கள் கடைசியிலிருந்து இரண்டாம் இடம்; கடைசி இரண்டு டீமும் அடுத்த வருசம் கீழ் டிவிஷனுக்கு இறங்கவேண்டும். இந்த வேலை போனால் பக்கத்தில் அவனை எடுக்கிற கிளப் வேறு இல்லை. பெண்சாதி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஸ்கொட்லாந்துக்குத்தான் போகவேண்டும்.

3. ஓம்

மைதான மூலையிலிருந்து அடிக்கிற கோர்னருக்குக் காலம் ஒரு புது வழி கண்டுபிடித்தான். மூன்று பேர் கிட்ட இருக்கிற கோல் கம்பத்துக்கு ஓடி எதிராளிகளை இழுத்துக்கொண்டு போவார்கள். கப்டன் மிக்கல் பின்னாலே சுற்றிக்கொண்டு தூரக் கம்பத்துக்கு வந்து தலையால் அடிப்பான். சொல்ல லேசு. நேரம் ஒரு துளி பிந்தினால் எல்லாரும் ஒருத்தரோடு ஒருத்தர் முட்டிக்கொண்டு விழுவார்கள்.

முதல் நாள் நான் கோட்டோரத்தில் பந்துப் பையோடு நின்றேன். அவர்கள் ஒருதரம் செய்து முடித்ததும் காலம் திரும்பி என்னைக் கேட்டான்.

"என்ன மகா, சரியோ?"

"ஓம்!" என்றேன். யாழ்ப்பாணத்து ஓம், ஆமாம் என்று அர்த்தம். நல்லாய்த்தான் இருந்தது.

பெடியன்கள் முனகிக்கொண்டு திரும்ப முதலிலிருந்து தொடங்கினார்கள். சரி, நல்ல உற்சாகமான பிள்ளைகள் என்று நினைத்தேன். அது முடிய காலம் திரும்பவும் என்னைப் பார்த்தான். நானும் "ஓம், ஓம்!" என்று பலமாய்ச் சொன்னேன். அவர்கள் திரும்பவும் ஓடினார்கள். மழையிலும் ஓடினார்கள், ஆலங்கட்டி விழும்போதும் ஓடினார்கள். இப்படியே சில கிழமை போனது.

ஒரு நாள் மிக்கல் சேற்று ஜேர்சியைச் சுருட்டி என்னுடைய கூடைக்குள் எறிந்தான்.

"மகா, எங்களிலை உனக்கு என்ன கோவம்?"

"கோவமோ? ஏன்ராப்பா?"

"ஒவ்வொரு தரமும் ஓம் ஓம் எண்டு கத்துறாய். என்ன பிழை எண்டாவது சொல்லன்!"

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. டெனிஷில் ஓம் என்றால் திரும்பச் செய் என்று அர்த்தம். முப்பது வருசமாக டெனிஷ் கதைக்கிறேன், அந்தச் சொல் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஒன்று மனசுக்குப் பிடித்துவிட்டால் என்னுடைய வாயில் வருவது தமிழ்தான்.

"போகப் போக உனக்கே விளங்கும்" என்று மிக்கலை அனுப்பிவிட்டு, ஓடிப்போய்க் காலத்திடம் சொன்னேன்.

"நில்லு. நீ நல்லம் எண்டு சொன்னனி, நாங்கள் திரும்பத் திரும்பச் செய்தனாங்கள்?"

"அதுதான் நடந்தது."

அவன் சிரித்த சிரிப்பில் சுவரில் சாய்த்து வைத்திருந்த கொடிக்கம்பு விழுந்தது. "நான் உன்னைப் பெரிய கண்டிப்பான ஆள் எண்டெல்லோ நினைச்சன்! மகா, பெடியளுக்கு மூச்சு விடாதை. சொல்லுறதை நிப்பாட்டவும் வேண்டாம்."

நிற்பாட்டவில்லை. சம்பளம் வாங்காத உதவி ட்ரெயினர் நான்தான் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன்.

4. கடைசி மச்

கடைசி ஆட்டம், அந்த மச்சை வென்றால் டிவிஷனில் நிற்கலாம், சமன் செய்தாலும் போச்சு. இக்காஸ்டிலிருந்து எங்கள் தமிழ் ஆட்கள் கார் காராக வந்தார்கள். என்னுடைய மனுசி ஒரு பெட்டி நிறையப் பொரித்த ரோல்ஸ் கொண்டுவந்தாள்.

ஆட்டம் முடியப்போகிறது, இன்னும் கோல் இல்லை. கோர்னர் ஒன்று கிடைத்தது. மூன்று பேர் ஓடினார்கள், எதிராளிகள் மந்தை மாதிரிப் பின்னாலே போனார்கள். மிக்கல் தூரக் கம்பத்தில் தன்னந்தனியே நின்று, வீட்டில் கதவு சாத்துவதுபோலத் தலையால் தட்டிவிட்டான். கோல்!

எங்கள் ஆட்கள் "காலம்! காலம்!" என்று கத்தினார்கள். பக்கத்தில் இருந்த டெனிஷ் கிழவர் அது என்ன சொல் என்று மனுசியைக் கேட்டார்.

"டைம் எண்டு அர்த்தம்" என்றாள் அவள். "நேரம் முடிஞ்சுது, விசிலை ஊதச் சொல்லிக் கத்துறம்."

கிழவரும் எழும்பி நின்று "காலம்!" என்று கத்தினார். விசிலும் ஊதியது.

5. தலைவர் தோய்க்கிற அறைக்கு வந்தது

மச் முடிந்து கொஞ்ச நேரத்தில் தலைவர் என்னுடைய அறைக்கு வந்தார். முகத்தில் அவ்வளவு சந்தோசம் இல்லை. கோப்பன்ஹேகனில் பெயர் போன ட்ரெயினர் ஒருவரைக் கமிட்டிக்காரர் பார்த்து வைத்திருக்கிறார்களாம்.

"காலம் இப்பதானே வெண்டு தந்தவன்?" என்றேன்.

"கேட்டுப் பாத்தம், மகா. பெடியள்தான் செய்தவங்கள், எனக்கு அதிர்ஷ்டம் எண்டு அவனே சொல்லுறான். அதிர்ஷ்டத்தை நம்பி அடுத்த வருசத்தைக் குடுக்கேலுமே?"

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இந்த நாட்டுக்காரரின் அடக்கத்தை அந்த ஸ்கொட்லாந்து மடையன் அளவுக்கு மிஞ்சிப் பழகிவிட்டான்.

"அதிர்ஷ்டமோ? அந்தக் கோர்னர் அவன்ரை மூளை. மழைக்குள்ளை, ஆலங்கட்டிக்குள்ளை கிழமைக் கணக்கிலை பழக்கினவன். பக்கத்திலை நிண்டு சரி பிழை பாத்தது நான். எங்களைப்போல ரெண்டு பேர் கோப்பன்ஹேகனிலையும் இல்லை."

"நீ உன்னையும் சேர்த்தெல்லோ புழுகுறாய்!"

"சேர்த்துத்தான் சொல்லுறன். ரெண்டு பேரும் கெட்டிக்காரர் எண்டால் கிளப்புக்கு என்ன நட்டம்? நம்பாட்டில் மிக்கலைக் கேளுங்கோ, அங்காலைதான் குளிக்கிறான்."

தலைவர் கதவைத் திறந்து, "மிக்கல், அந்தக் கோர்னரை எத்தினை தரம் பழகினியள்?" என்று கேட்டார்.

"கனவிலையும் பழகினம்!" என்று ஆவிக்குள்ளிருந்து அவன் கத்தினான். "காலம் விட்டாலும் மகா விடமாட்டார்!"

தலைவருக்கு அதற்குமேல் சிரிப்பை அடக்க முடியவில்லை. காலத்தைத் திரும்பக் கூப்பிட்டு வேலையை அவனுக்கே கொடுத்தார்கள். அந்தக் கோடை அவன் ஸ்கொட்லாந்துக்குப் போனான்தான், பிள்ளைகளோடு விடுமுறைக்கு. இன்றைக்கு அவன்தான் முழுக் கிளப்புக்கும் மனேஜர். ஆட்டக்காரரை எடுப்பதும் விடுவதும் அவன் கையில்.

தம்பி தங்கைமாரே, அடக்கமாக இருக்கவேண்டும் என்று இந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களில் உங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். இருந்துவிட்டுப் போங்கள். ஆனால் உங்களோடு வேலை செய்கிறவன் தன்னுடைய கெட்டித்தனத்தைச் சொல்லத் தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றால், அவனுக்காக நீங்கள் சொல்லுங்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சத்தமாகச் சொல்லுங்கள். சொல்லும்போது உங்களுடைய பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்றது நீங்கள்தானே.