பல்லக்கா சந்தேகப்பட்ட பச்சைப் பட்டை

அந்த உல்லாசக் கப்பலில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். வைத்தது கூட வேலை பார்த்த இளவட்டங்கள். பத்தாம் தளத்தில், கிட்ஸ் கிளப் வாசலில், பதிவு மேசைக்குப் பின்னால் பதினோரு வருடமாக உட்கார்ந்திருந்தாள். குடும்பத்தோடு வருகிறவர்கள் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு நீச்சல் குளத்துக்கோ நாடகத்துக்கோ போவார்கள். விடுவதற்கு முன்னால் வயதுக்கு ஏற்ற பட்டையைப் பிள்ளையின் கையில் கட்ட வேண்டும். மூன்று முதல் ஐந்து வயது வரை மஞ்சள், ஆறு முதல் எட்டு ஆரஞ்சு, ஒன்பது முதல் பதினொன்று நீலம், பன்னிரண்டு முதல் பதினான்கு பச்சை. நிறத்துக்கு ஒரு அறை. பட்டையைக் கட்டுவதற்கு முன் அவள் பிள்ளையைப் பார்த்து, "எங்க, ஒரு தடவ சிரி பாப்போம்" என்பாள். பிள்ளை சிரிக்கும். அவள் பல்லைப் பார்ப்பாள். எந்தப் பல் விழுந்திருக்கிறது, எது முளைத்திருக்கிறது என்று பார்த்து மனதுக்குள் ஒரு வயது போட்டுக்கொண்டு, அதற்கப்புறம்தான் பாஸ்போர்ட்டைத் திறப்பாள்.

பெற்றவர்கள் பொய் சொல்லுவார்கள் என்பது அவளுடைய அசைக்க முடியாத முடிவு. அதில் நியாயமும் இருந்தது. இடுப்பில் டயப்பர் தெரியத் தெரிய "மூணு முடிஞ்சிடுச்சுங்க" என்று சாதித்த அம்மாக்களை அவள் பார்த்திருக்கிறாள். அக்கா தங்கையை ஒரே அறையில் போட வேண்டும் என்பதற்காக இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் என்று சொன்ன அப்பா ஒருவர், பிறந்த தேதியைக் கேட்டதும் ஆளுக்கொரு மாதம் சொன்னார். யாராவது கொஞ்சம் அதிகமாகச் சிரித்துப் பேசினாலே அவளுக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

தாளையும் அவள் முழுசாக நம்ப மாட்டாள். அதற்குக் காரணம் அவளுடைய சொந்தக் கதை. அவளுக்குக் கீழே இரண்டு கைக்குழந்தைகள் இருந்ததால், வீட்டில் ஒரு தலை குறையட்டும் என்று அவளுடைய அப்பா நாலு வயதில் ஆறு என்று எழுதிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். பெஞ்சில் கால் எட்டாது. வகுப்பில் எல்லோரும் அவளை அரை டிக்கெட் என்றார்கள். பத்து வருடம் பெரிய பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து, ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்து, புரியாத ரகசியத்துக்கெல்லாம் தலையாட்டி வளர்ந்தவள். எழுத்தில் இருப்பதெல்லாம் யாரோ ஒருத்தர் தன் வசதிக்கு எழுதியது என்று அப்போதே மனதில் பதிந்துவிட்டது.

அந்தப் பயணம் எட்டு நாள். முதல் நாள் மதியம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். நல்ல உயரமான மனிதர். மகள் அவருடைய இடுப்புக்குக் கொஞ்சம் மேலே நின்றாள். இரட்டைச் சடை, கையில் ஒரு கதைப் புத்தகம். பன்னிரண்டு வயது நாலு மாதம் என்றார். பச்சைப் பட்டை வேண்டும், தானாகவே வெளியே போய்வரும் அனுமதியும் வேண்டும் என்றார்.

பச்சைக்கு அங்கே ஒரு தனி மரியாதை உண்டு. மற்ற மூன்று நிறத்துப் பிள்ளைகளையும் பெற்றவர் வந்து கையெழுத்துப் போட்டுத்தான் கூட்டிப்போக முடியும். பச்சைப் பட்டைக்காரர்கள் மட்டும், வீட்டார் சம்மதம் இருந்தால், வாசலில் இருக்கும் இயந்திரத்தில் பட்டையைத் தொட்டுவிட்டுத் தாங்களாகவே போகலாம், வரலாம். மற்ற இடங்களில் பச்சைப்பிள்ளை என்றால் தொட்டிலில் கிடப்பது, இந்தக் கப்பலில் மட்டும் மீசை அரும்புவது என்று ஊழியர்கள் சிரித்துக்கொள்வார்கள்.

பல்லக்கா சிறுமியைச் சிரிக்கச் சொன்னாள். அவள் சிரிக்கவில்லை. ஆனால் "ஏன்?" என்று கேட்க வாயைத் திறந்தபோது கோரைப்பல் விழுந்த இடம் காலியாகத் தெரிந்தது. ஒன்பது, மிஞ்சிப்போனால் பத்து என்று பல்லக்கா போட்டுக்கொண்டாள். பாஸ்போர்ட் பன்னிரண்டு என்றது. படத்தையும் முகத்தையும் மூன்று தடவை ஒப்பிட்டாள். அம்மா வரவில்லையா என்று கேட்டாள். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை என்று கடைக்காரர் சுருக்கமாகச் சொன்னார். படிவத்தில் உடம்புக்கு ஏதாவது உண்டா என்ற கட்டத்தை அவர் வெறுமையாக விட்டிருந்தார். கேள்வி கேட்கக் கேட்க அவருடைய முகம் இறுகியது. அது வேறு அவளுடைய சந்தேகத்துக்கு உரம் போட்டது. ஒளிக்க ஒன்றும் இல்லாதவர் எதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும்?

மேலாளரைக் கூப்பிட்டாள். அவர் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, தேதி சரியாக இருக்கிறதே, கட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேறு வழியில்லாமல் பட்டையைக் கட்டினாள். அவர்கள் திரும்பி நாலு அடி வைத்திருப்பார்கள். பச்சை அறையைப் பார்த்துக்கொண்டு பிள்ளைகளுக்குக் கிதார் வாசிக்கும் கிதார்த் தம்பியிடம், "அரை டிக்கெட்ட முழு டிக்கெட்டுன்னு நம்ம தலையில கட்டிட்டுப் போறாரு பாரு" என்றாள். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். தாழ்த்திய அளவு போதுமா என்று அப்போது அவள் யோசிக்கவில்லை.

இரண்டாம் நாள் முதல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். பச்சை அறைக்கும் மேசைக்கும் நடுவில் கண்ணாடிச் சுவர் என்பதால் அது சுலபமாக இருந்தது. பிள்ளைகள் பெரிய திரையில் கார் ஓட்டி விளையாடினார்கள். சிறுமி மூலையில் புத்தகத்தோடு இருந்தாள். ஒரு பெரிய பெண் வந்து, நீலம் பக்கத்து அறை என்று அவளுக்கு வழி சொன்னாள். சிறுமி கையைத் தூக்கிப் பட்டையைக் காட்டினாள். அதற்குப் பிறகு அவர்களும் விளையாடக் கூப்பிட்டார்கள். கார் ஓட்டுவதில் அவள் கெட்டிக்காரியாக இருந்தாள்.

மாலை ஆறே முக்காலுக்கு எழுந்து வந்தாள், இயந்திரத்தில் பட்டையைத் தொட்டாள், லிஃப்டில் ஏறிப் போனாள். இருபத்தைந்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். மூன்றாம் நாளும் அதே ஆறே முக்கால், அதே இருபத்தைந்து நிமிடம். எங்கே போகிறாய் என்று பல்லக்கா கேட்டதற்கு, "ரூமுக்கு" என்றாள். அவர்களுடைய அறை எட்டாம் தளத்தில். ஆனால் லிஃப்டின் மேலே எரியும் எண் எட்டில் நிற்காமல் இறங்கி இரண்டில் போய் நின்றது. இரண்டாம் தளத்தில் ஊழியர்கள் தூங்கும் அறைகளும், துணி வெளுக்கும் கூடமும், கோடியில் மருத்துவ அறையும்தான். துள்ளிக்கொண்டு திரியும் பெண் தினமும் ஒரே நேரத்துக்கு டாக்டரிடம் போவாளா? அப்படியே போனாலும் அதற்கு ஏன் பொய் சொல்ல வேண்டும்? பல்லக்காவின் மனம் போகாத இடமெல்லாம் போனது. நாலாம் நாள் அந்த நேரத்தில் மேசையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, அப்பாவைத் தேடி, சீட்டாட்டக் கூடம் இருக்கும் ஏழாம் தளத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். கடைக்காரர் நாலு பேரோடு சீட்டாடிக்கொண்டிருந்தார். மகள் எங்கே இருக்கிறாள் என்று கவலைப்பட்ட மாதிரியே தெரியவில்லை.

மேலாளரிடம் போய்ச் சொன்னாள். இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம் என்றார் அவர். பிள்ளை காரியத்தில் இரண்டு நாள் என்ன கணக்கு என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஐந்தாம் நாள் காலையில், யாரையும் கேட்காமல், கம்ப்யூட்டரில் சிறுமியின் வெளியே போகும் அனுமதியை எடுத்துவிட்டாள். காரணம் கேட்ட இடத்தில் "வயது சரிபார்ப்பு" என்று எழுதினாள்.

அன்று ஆறே முக்காலுக்குச் சிறுமி பட்டையைத் தொட்டபோது இயந்திரம் சிவப்பாக எரிந்து கத்தியது. அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பல்லக்கா மெதுவாக, அப்பா வந்தால் போகலாம் என்று சொன்னாள். அப்பாவுக்கு போன் போட்டார்கள். அவர் போனை அறையில் வைத்துவிட்டுப் போயிருந்தார் போலிருக்கிறது, மணி அடித்துக்கொண்டே இருந்தது. சிறுமி அழவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கே போக வேண்டும் என்று சொன்னால் நானே கூட்டிப்போகிறேன் என்றாள் பல்லக்கா. சிறுமி பின்னால் திரும்பி, பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளை ஒரு தடவை பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. பத்து நிமிடம், இருபது நிமிடம். அந்த மௌனமே பல்லக்காவுக்குச் சாட்சியாகத் தெரிந்தது.

ஏழு இருபதுக்கு மேசைத் தொலைபேசி அடித்தது. மருத்துவ அறை நர்ஸ். இரைச்சலில் ஒன்றும் கேட்காததால் பல்லக்கா ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"அக்கா, பச்சைப் பட்டைப் பொண்ணு ஒண்ணு, இரட்டைச் சடை, அங்க இருக்காளா? வளர்ச்சிக்கு தினம் ஒரு ஊசி போட்டுக்கணும், மருந்து எங்க ஃப்ரிட்ஜ்லதான் இருக்கு. தானே கரெக்டா வந்து தானே போட்டுக்குவா, இன்னிக்கு இன்னும் காணோம்."

கண்ணாடிக் கதவு திறந்திருந்தது. பச்சை அறை முழுவதும் கேட்டது. யாரோ திரையில் ஓடிய காரை நிறுத்தினார்கள்.

தம்பியை மேசையில் உட்கார வைத்துவிட்டுப் பல்லக்காவே சிறுமியோடு லிஃப்டில் ஏறினாள். எட்டு தளம் இறங்க வேண்டும். பாதியில்தான் சிறுமி பேசினாள்.

"எனக்குப் பன்னெண்டு வயசுதான் ஆன்ட்டி. பாஸ்போர்ட்ல எழுதியிருக்கே, பாத்தீங்கதானே?"

"பாத்தேம்மா."

"அப்புறம் ஏன் அரை டிக்கெட்னு சொன்னீங்க?"

என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள் என்று சொல்லலாமா என்று பல்லக்கா நினைத்தாள். அதைச் சொன்னால் சமாதானம் சொல்வது போல இருக்கும் என்று தோன்றியதால் விட்டுவிட்டாள். "தப்புதாம்மா" என்று மட்டும் சொன்னாள். சிறுமி அதைக் கேட்டுக்கொண்ட மாதிரி காட்டவில்லை.

மருத்துவ அறையில் சிறுமி கை கழுவினாள், பேனா மாதிரி இருந்த ஊசியில் அளவைத் திருகினாள், திரும்பி நின்று வயிற்றில் போட்டுக்கொண்டாள். முக்கால் மணி நேரத் தாமதத்தால் ஒன்றும் ஆகிவிடாது என்று நர்ஸ் சொன்னாள். அதற்குள் யாரோ சொல்லிக் கடைக்காரர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். மகளைப் பார்த்தார், ஊசி முடிந்துவிட்டதைப் பார்த்தார். பிறகு பல்லக்காவை வராந்தாவுக்கு வரும்படி கையைக் காட்டினார். குரலை உயர்த்தவே இல்லை.

"பள்ளிக்கூடம், பஸ்சு, சினிமா, எங்க போனாலும் இவ வயசுக்கு நான் சாட்சி சொல்லணும். இந்த ஒரு வாரம் நீங்க பின்னாலயே வராதீங்கப்பான்னு கேட்டா. அதான் சீட்டாட்டத்துல போய் உக்காந்தேன். ஆறே முக்கால் ஆனா எனக்கு ஒரு சீட்டும் கண்ணுக்குத் தெரியாது."

கட்டத்தை ஏன் வெறுமையாக விட்டீர்கள் என்று கேட்க பல்லக்காவின் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவரே சொன்னார். மருத்துவ அறையில் எல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறார், கிட்ஸ் கிளப் தாளில் எழுதினால் அது விளையாட்டு அறைக்கெல்லாம் போய்விடும் என்று மகள்தான் தடுத்திருக்கிறாள். இப்போது தாள் இல்லாமலே விஷயம் அங்கே போய்விட்டது என்றார். புகார் கொடுப்பேன் என்றும் சொன்னார். கொடுக்கத்தான் வேண்டும் என்றாள் பல்லக்கா. அவள் அப்படிச் சொன்னதையும் அவர் சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

ஆறாம் நாள் சிறுமி வரவில்லை. பல்லக்கா அனுமதியைத் திருப்பிப் போட்டிருந்தாள், அதை எடுத்துக்கொள்ள ஆள் இல்லை. அன்றைக்கே இன்னொரு அசிங்கமும் நடந்தது. முதல் நாள் பல்லைப் பார்த்து ஆறு வயது என்று அவள் தாராளமாக ஆரஞ்சுப் பட்டை கட்டிய வாட்டசாட்டமான பையன், கதை சொல்லும் நேரத்தில் கால்சட்டையை நனைத்துக்கொண்டு அழுதான். பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தால் நாலு வயது எட்டு மாதம். அவனுடைய அம்மா பேசவே பேசாத மனுஷி என்பதால் அன்றைக்குத் தாளைச் சரியாகப் பார்க்காமல் விட்டிருந்தாள். மேலாளர் தானே ஆரஞ்சைக் கழற்றி மஞ்சளைக் கட்டினார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

ஏழாம் நாள் சிறுமி வந்தாள். தானாக வரவில்லை. முதலில் பக்கத்து அறைக்கு வழி காட்டினாளே அந்தப் பெரிய பெண், எட்டாம் தளத்துக்குப் போய்க் கதவைத் தட்டிக் கூட்டி வந்திருந்தாள். கார்ப் பந்தயத்துக்கு அன்று கடைசிச் சுற்று, இவள் இல்லாமல் அவர்கள் அணி தோற்றுவிடும் என்பதுதான் காரணம், வேறு பெரிய கருணை ஒன்றும் இல்லை என்று கிதார்த் தம்பி பிறகு சொன்னான். ஆறே முக்காலுக்குச் சிறுமி கையிலிருந்ததை வைத்துவிட்டு, "ஊசி போட்டுட்டு வரேன், என் காரைத் தொடாதீங்க" என்று அறைக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு வந்தாள். இயந்திரம் பச்சையாக எரிந்தது. மேசைப் பக்கம் அவள் திரும்பவே இல்லை. எட்டாம் நாள் இறங்கும்போதும் திரும்பவில்லை. பல்லக்கா அதை எதிர்பார்க்கவும் இல்லை.

விசாரணை கரையில் நடந்தது. கேட்காமல் அனுமதியை எடுத்தது தவறு, பிள்ளையின் காதில் விழும்படி பேசியது அதைவிடத் தவறு என்று எழுதிக் கொடுத்தார்கள். அவள் மறுத்துப் பேசவில்லை. பதிவு மேசையிலிருந்து எடுத்து, மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைகள் அறையில் போட்டார்கள். அங்கே பட்டை கிடையாது, வயதுப் பிரிவு கிடையாது. பெற்றவர்கள் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பொம்மைகளைக் கழுவி அடுக்குவதும், தவழும் குழந்தை கதவுப் பக்கம் போகாமல் பார்ப்பதும் வேலை.

இன்னும் அங்கேதான் இருக்கிறாள். சந்தேகம் விட்டுப்போகவில்லை, பிறவிக் குணம் என்று அவளே சொல்லிக்கொள்வாள். ஒரு அப்பா குழந்தையைத் தரையில் விட்டுவிட்டு செல்போனைப் பார்த்தால் அவள் கண் அவர் மேலேயே இருக்கும். ஆனால் எதையும் பக்கத்தில் இருப்பவரிடம் முணுமுணுப்பதில்லை. எழுந்து நேராக அவரிடமே போய், "தம்பி, பிள்ளைக்குத் தூக்கம் வருதா, பசிக்குதா?" என்று கேட்பாள். பெரும்பாலும் அவர்களுக்கே தெரிந்திருக்காது. இருவரும் சேர்ந்து கண்டுபிடிப்பார்கள்.