கொழுந்தியா கம்பி

உலோகத்தைத் தேய்தேய் என்று தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கி, அப்புறம் அதன் மேல் அமிலத்தை விட்டுக் கெடுத்து, கெட்டுப்போன லட்சணத்தை நுண்ணோக்கியில் பார்த்துச் சம்பளம் வாங்கும் பிழைப்பு எங்களுடையது. தூத்துக்குடிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் நான் ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட். உங்களில் யாராவது இதே வேலையில் இருந்தால், விரல் ரேகை தேய்ந்துபோய் ரேஷன் கடை மெஷின் உங்களை யாரென்றே தெரியாது என்று சொல்லியிருக்கும். வாருங்கள், என் பக்கத்தில் உட்காருங்கள்.

கறுப்பு

எங்கள் ஆய்வகத்தில் சிர்க்கோனியத்தோடு நியோபியம் சேர்த்து உருக்குகிறோம். உடம்புக்குள் வைக்கிற கம்பியும் திருகாணியும் செய்வதற்கான ஆராய்ச்சி. இப்போது ஆஸ்பத்திரியில் வைக்கிற உலோகங்கள் எம்.ஆர்.ஐ. காந்தத்துக்குள் போனால், படத்தில் தங்களைச் சுற்றிக் கறுப்பாக ஒரு திட்டை விழவைத்துவிடும். சிர்க்கோனியக் கலவை அவ்வளவு தொல்லை பண்ணாது. இதைப் பாடமாக நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கறுப்பு எங்கள் வீட்டுக்கே வரும் என்று நினைக்கவில்லை.

என் அக்காவைப் பெரியதாழையில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அத்தானுக்குக் கடல் தொழில். முன்பொரு தடவை வள்ளத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு ஒடிந்து, ஸ்டீல் கம்பி வைத்து நிமிர்த்தினார்கள். அப்புறம் நன்றாகத்தான் கடலுக்குப் போய்வந்தார். இந்த வருஷம் கால் மரத்துப்போக ஆரம்பித்தது. தூத்துக்குடியில் ஸ்கேன் எடுத்தோம். படத்தில் முதுகு முழுக்கத் தெரிகிறது, கம்பி இருக்கிற இடத்தில் மட்டும் தார் ஊற்றிய மாதிரி கறுப்பு. சி.டி. ஸ்கேனிலும் கோடு கோடாகத்தான் விழுந்தது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "நரம்பை எதுவோ அழுத்துது. எதுன்னு தெரியணும்னா திறந்துதான் பாக்கணும். தள்ளிப்போடாதீங்கம்மா."

புருவம்

சிர்க்கோனியத்தைத் தேய்ப்பது ஒரு தண்டனை. மெத்து மெத்தென்று இருக்கும், உப்புத்தாளோடு ஒட்டிக்கொள்ளும், ஒரு கீறலை எடுத்தால் இன்னொரு கீறல் வந்து நிற்கும். நாள்பூராத் தேய்த்துவிட்டு நுண்ணோக்கியில் வைத்தால் உலோகத்துக்குள் இருக்கிற மணிமணியான அமைப்புக்குப் பதிலாக நம் அவசரம்தான் தெரியும். அதன் தூள் காய்ந்துவிட்டாலோ போச்சு, பொறி பட்டவுடன் பற்றிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றவும் கூடாது, மணலைத்தான் போட வேண்டும்.

என்னோடு வேலை பார்க்கும் செல்வின் நாசரேத்துக்காரன். ஒருநாள் தேய்க்கிற மெஷினின் தொட்டியைச் சுத்தம் பண்ணப்போய், ஓரத்தில் காய்ந்து கிடந்த தூள் குப்பென்று பிடித்துவிட்டது. நான் மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன், அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு நிற்கிறான். நல்ல வேளை, கண்ணுக்கு ஒன்றும் இல்லை. கையை எடுத்துக் கண்ணாடியில் பார்த்தவன் அலறினான்: "போச்சே, ரெண்டு புருவமும் போச்சே யக்கா! ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்கப் போறமே, நான் என்னத்த வச்சி முழிப்பேன்!"

கடல்பாசி

எம்.ஆர்.ஐ. சோதனைக்கு மனுஷ உடம்பு கிடைக்காது. அதனால் கடல்பாசியைக் காய்ச்சி ஒரு டப்பாவில் ஊற்றி, நடுவில் எங்கள் உலோகத் துண்டை நிறுத்தி உறையவைப்போம். நோன்பு திறக்கும்போது வெட்டித் தின்கிற அதே கடல்பாசிதான். ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கும் காயல்பட்டினத்துப் பெண் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "சீனியும் போடாம, பாலும் ஊத்தாம, பாசிய இப்டி வீணாக்குதியளேக்கா" என்று வருத்தப்பட்டாள். படம் வந்தது. துண்டைச் சுற்றி லேசாக ஒரு கோடு, அவ்வளவுதான் கறுப்பு! சத்தியமாக அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன்.

அந்த வாரம் பெரியதாழைக்குப் போனபோது அத்தான் அந்தப் படத்தை ஃபோனில் காட்டச் சொன்னார். தன் ஸ்கேனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். இது இன்னும் முயலுக்கே போடவில்லை, மனுஷனுக்கு வர எத்தனையோ வருஷம் ஆகும், நீங்கள் முதலில் ஆபரேஷனுக்குப் போங்கள் என்று தொண்டை வறள வறளச் சொன்னேன். "அவ எப்பவும் அடக்கமாத்தான் பேசுவா" என்று அக்கா முடித்துவிட்டாள். அதற்குள் தெருவில் எல்லோரும் அதற்குக் 'கொழுந்தியா கம்பி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். முதல் ஆபரேஷனில் பட்ட பாடு அத்தானுக்கு மறக்கவில்லை. ஃபோனை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் சொன்னார்: "முதுவ இன்னும் ரெண்டு தடவ கிழிக்காண்டாம். ஒன் கம்பி வரட்டும், ஒரே தடவயாக் கிழிச்சி அதப் போட்டுக்கிடுதேன்."

டப்

அதே கலவையில் ஒரு துண்டை இழுவிசை மெஷினில் மாட்டினோம். கம்பிக்கு ஆகிற உலோகம் கொஞ்சமாவது நீண்டு கொடுத்துவிட்டுத்தான் அறும். இது நீளவே இல்லை, டப்பென்று முறுக்கு மாதிரி ஒடிந்தது. பேராசிரியர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துக் காரணம் சொன்னார். உலோகத்துக்குள் ஒமேகா என்று ஒரு பொடி அமைப்பு, கண்ணுக்குப் படாத புள்ளிகளாக விரவிக் கிடக்கும். படத்தில் கறுப்பைக் குறைக்கிறதும் அதுதான், உலோகத்தை நொறுங்கவைக்கிறதும் அதுதான். அதை எடுத்துவிட்டால் படம் கெடும், வைத்தால் கம்பி ஒடியும். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு துண்டுக்குப் போய் இப்படி அழுகிறாளே என்று பேராசிரியர் வெளியே போய்விட்டார். செல்வின் உடைந்த இரண்டு துண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "படம் எடுக்க மட்டுந்தான் இது லாயக்கு யக்கா, ஒரு மனுசனத் தாங்காது."

ஒட்டுதல்

இதைச் சொன்னாலாவது அத்தான் கிளம்புவார் என்று உடைந்த துண்டுகளைப் படம் பிடித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே பெரியதாழைக்குப் போனேன். அதற்குள் அவர் சுவரைப் பிடித்துத்தான் நடந்தார். கால் கட்டைவிரலில் தீக்காயம், சூடு பட்டதே தெரியவில்லையாம். எனக்கு வந்த கோபத்தில், "ஒங்களுக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். அத்தான் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார், அசையவில்லை. அக்காதான் என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய் மெதுவாகக் கேட்டாள்: "ஏளா, இம்புட்டுப் படிச்சிருக்க, ஒடஞ்சத ஒட்ட வைக்கவா ஒனக்குத் தெரியாது?"

நிற்கிறவன்

சூட்டையும் குளிரவைக்கிற விதத்தையும் மாற்றி மாற்றிச் செய்ததில் கடைசியில் ஒரு துண்டு தேறியது. ஒமேகா அளவோடு இருந்தது, மெஷினில் இழுத்தால் நீண்டு கொடுத்தது, படமும் சுமாராக வந்தது. பேராசிரியர் லட்டு வாங்கிக் கொடுத்தார். லட்டு கையில் இருக்கும்போதே அக்கா ஃபோன் பண்ணினாள். காலையில் படுக்கையிலிருந்து இறங்கிய அத்தான் அப்படியே விழுந்துவிட்டார், இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை.

அன்றைக்கே திறந்தார்கள். பழைய கம்பியைப் பிடித்திருந்த திருகாணி ஒன்று ஒடிந்து, அதைச் சுற்றிச் சீழ் கட்டி, நரம்பை நசுக்கியிருந்தது. முன்னாலேயே வந்திருந்தால் எழுப்பி நடக்கவைத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். இனிமேல் கால் வராது. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அத்தான் என் கையைப் பிடித்து, "இந்தத் தடவ ஒன் கம்பி ஒடையலியே?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். நிஜமாகவே சந்தோஷப்பட்டார். போர்வைக்கு அடியில் கிடந்த கால்களை ஒருதரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லதுளா. அத நிக்கப்போறவனுக்குப் போடு."

அடுத்த மாதம் எங்கள் கம்பியை முயல்களுக்குப் போட்டுப் பார்க்கப் போகிறார்கள். முயல்களாவது என்னை நம்பிக் காத்திருக்காது.