ஏணியக்கா கேட்க மறந்த கேள்வி

ஏணியின் மூன்றாம் படியில் நின்று, சமையலறைச் சுவரில் இருந்த வெள்ளைப் பெட்டியின் திருகுகளைக் கழற்றி, ஒவ்வொன்றாகப் பையில் போட்டுக்கொண்டாள் ஏணியக்கா. ஸ்கூட்டரின் பக்கவாட்டில் ஏணியைக் கட்டிக்கொண்டு திரிவதால் அலுவலகம் வைத்த பெயர் அது. பதினோரு வருடம் கணவனின் கடையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றியவள். மூன்று வருடமாக, தனியாக இருக்கும் முதியவர்களின் வீடுகளில் இந்தப் பெட்டிகளைப் பொருத்துகிறாள். ஆள் நடந்தால் பெட்டிக்குத் தெரியும். பெட்டிக்குத் தெரிந்தது பிள்ளைகளின் போனுக்குப் போகும்.

கீழே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார் வீட்டுக்காரர். ரொட்டிக் கடையில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர்.

"பெட்டி கெட்டுப் போச்சாம்மா?"

"பாத்துட்டுத்தான் சொல்லணும் ஐயா."

கெட்டுப்போயிருந்தால் நல்லது. பெட்டி மாட்டிய இந்த ஒரு மாதமாக இவர் மகளுக்கு 'இரவில் அலைச்சல்' என்று தினமும் சிவப்புக் குறி போய்க்கொண்டிருந்தது. இரவு ஒன்றிலிருந்து ஐந்து வரை நடை. அப்புறம் மத்தியானம் வரை ஆள் இருக்கும் சுவடே இல்லை. அப்பாவுக்குப் புத்தி தடுமாறுகிறது என்று முடிவுகட்டிய மகள், முதியோர் இல்லத்தில் இடம் பிடித்துவிட்டாள். நாளைக் காலை கூட்டிப்போக வருகிறாள். பெட்டி பழுதா என்று பார்ப்பது ஒன்றுதான் பாக்கி.

பெட்டி கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. ஆனால் அதன் இடுக்கில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. சுண்ணாம்பா? விரலில் தேய்த்துப் பார்த்தாள், நாக்கில் வைத்தாள்.

"ஐயா, இவ்வளவு உயரத்துக்கு மாவு எப்படிப் பறந்துச்சு?"

அவர் சுவரைப் பார்த்தார். "பிசையும்போது பறக்கும்."

"எப்பப் பிசையிறீங்க?"

"ஒரு மணிக்கு. மாவு உப்பி, சுட்டு எடுக்க அஞ்சாகும். அப்புறம் சாப்பிட்டுட்டுப் படுத்தா மத்தியானந்தான் எழுந்திருப்பேன். எட்டு வருஷத்துக்கு முன்னாடியே கடையை நான் விட்டுட்டேன், உடம்பு விடலையே!"

"அதை மககிட்ட சொல்லக் கூடாதா?"

"அடுப்புப் பக்கமே போகமாட்டேன்னு அப்பவே அவகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன். சரி, அது இருக்கட்டும். என்னைப் பத்தி அவளுக்குச் சொல்ற பெட்டி, என்ன சொல்லுதுன்னு எனக்கு ஏன் சொல்லல? தெரிஞ்சா நானே பதில் சொல்லியிருப்பேனே!"

அந்தக் கேள்வி ஏணியக்காவைச் சுருக்கென்று தைத்தது. கைப்பேசியில் அவர் படிவத்தைத் திறந்தாள். 'எழும் நேரம்: காலை 6.' அதற்கு முன் நடந்தால் 'அலைச்சல்'. அந்த ஆறு தானாகவே நிரம்பி வரும். 'சரி' என்று தட்டியது அவள் கைதான். நாற்பத்து மூன்று வீடுகளிலும் அப்படித்தான் தட்டியிருந்தாள். ஊரே ஆறு மணிக்கு எழுகிறது என்று யார் சொன்னார்கள்? நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஏணியை விட்டு இறங்கி, ஆறை ஒன்றாக்கினாள். பிறகு திரையை அவரிடம் நீட்டினாள். "இதுதான் உங்க மக பாக்கிறது. இதோ, மாத்திட்டேன். இனி மகளுக்குப் போன் பண்ணுங்க."

"நீயே சொல்லேன்."

"நான் சொன்னா கோள். நீங்க சொன்னா விஷயம்."

அவர் பேசினார். மறுமுனையில் மகள் போட்ட சத்தம் ஏணியக்கா வரை கேட்டது. "எட்டு வருஷமாவா ஏமாத்துறீங்க? சட்டைக் கையில தீப்பிடிச்சா யாருப்பா வருவா?"

"அதுக்கும் ஒரு பெட்டி மாட்டச் சொல்லேன்," என்றார் அவர்.

பிறகு மகள், "நாளைக்கு வந்து அடுப்பைப் பாக்கிறேன். அதுக்கப்புறந்தான் எதுவும் சொல்வேன்," என்றாள்.

மறுநாள் ஆறு மணிக்கெல்லாம் அவள் வந்துவிட்டாள். அப்பாவின் துணிகளுக்காகக் கொண்டுவந்த பெட்டி காரிலேயே கிடந்தது. அடுப்புக் குழாயை வளைத்துப் பார்த்தாள். அடுப்பருகே தொங்கிய திரைச்சீலையைக் கழற்றி எறிந்தாள். அடுப்பு தானாக அணைய ஒரு கருவி வேண்டும் என்று அலுவலகத்துக்கு எழுதினாள். பாதி ரொட்டியைத் தின்றுவிட்டு, தூங்கப்போன அப்பாவை எழுப்பாமல், இல்லத்துக்குப் போன் போட்டு இடம் வேண்டாம் என்றாள்.

அதே காலையில் ஏணியக்கா, ஏணி இல்லாமல், ஒரு நோட்டும் பேனாவுமாகத் தன் பட்டியலில் இருந்த அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள். ஓய்வுபெற்ற தையல்காரம்மா கொட்டாவியோடு திறந்தாள்.

"அம்மா, நீங்க எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க?"

"பத்துக்கு. மூணு வருஷங்கழிச்சு இப்பத்தான் கேக்கணும்னு தோணுச்சா? அதுவும் ஏழு மணிக்கு வந்து!"

ஏணியக்கா பத்து என்று எழுதிக்கொண்டாள். பாக்கி நாற்பத்தொன்று.