நாலு கிலோ கழிவு

பிள்ளைகள் போட்ட கணக்கை யாரும் திருத்திவிடலாம். அவர்கள் கணக்கை எப்படி நினைக்கிறார்கள் என்று அளக்கத்தான் என்னைப் போன்ற ஆசிரியர்களை அனுப்பினார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் இலங்கையின் இரத்தினபுரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளுக்கு ஏறி இறங்கினேன். பத்தாம் வகுப்புக்கு இருபது கேள்விகள். பன்னிரண்டு சரியென்றால் 'சிந்திக்கும் மாணவர்'. நகரத்தில் சனிக்கிழமைக் கணித வகுப்பில் இடம். பதினொன்று என்றால் இல்லை. மேலிடத்துப் படிவங்களை நிரப்பிப் பழகியவர்களுக்கு மீதி விளங்கும்.

லிப்ட்

முதல் கேள்வியில் ஏழு மாடிக் கட்டடமும் ஒரு லிப்டும் இருந்தன. அந்தப் பாடசாலைக்கு ஒரே கட்டடம், அதற்கும் பாதிச் சுவர். கேள்வியை விளக்கக் கூடாது என்பது கட்டளை. 'தொடர்பில்லாத கேள்வி கேட்டவர்' என்று படிவத்தில் ஒரு கட்டமும் இருந்தது. முன்வாங்கில் இருந்த செல்வராணியின் பெயருக்கு நேரே அதில் அடையாளம் போட்டேன். அவள் கேட்டது இதுதான்: "டீவியில பாத்திருக்கேன் சேர். லிப்டு நடுவுல நின்னுட்டா, அந்த நேரத்தையும் சேக்கணுமா?"

பன்னிரண்டும் ஒன்பதும்

'ஒரு பெண் காலையில் 12 கிலோ, பின்னேரம் 9 கிலோ கொழுந்து கொண்டுவந்தாள். நிறுவையில் அவளுக்கு மொத்தம் எத்தனை கிலோ?' தோட்டத்துப் பிள்ளைகளுக்காகவே சேர்த்த கேள்வியாம். எங்கள் விடை 21. செல்வராணி 17 என்று எழுதியிருந்தாள். சிவப்புப் பேனையால் கோடிழுத்தேன். முழுத்தாளையும் எண்ணிப் பார்த்தால் இருபதில் பதினொன்றுதான் சரி.

மற்றக் கணக்குகளைப் பார்த்தால் கூட்டலில் தவறுகிறவள் அல்ல. கூப்பிட்டு, மீதி நாலு கிலோ எங்கே போனது என்று கேட்டேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "தராசில சேர். சாக்குக்கு ஒரு கிலோ, தண்ணிக்கு ஒரு கிலோ, ரெண்டு நேரமும் கழிப்பாங்க. வெயில் அடிச்சாலும் தண்ணிக்குக் கழிப்பாங்க."

அலுவலகம்

இதை ஒரு பக்கம் எழுதி இரத்தினபுரிக் கல்வி அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். அதிகாரி படிக்கவில்லை. அவள் விடைதான் சரி, நம்முடையதுதான் பிழை என்றேன். குரல் உயர்ந்துவிட்டது, அடுத்த மேசையில் தட்டச்சு நின்றது. அவருக்குக் கோபம்கூட வரவில்லை. இன்றும் எனக்கு ஆறாதது அதுதான். "டவுன் பிள்ளையும் தோட்டப் பிள்ளையும் வேற மாதிரி நினைக்குதான்னு அளக்கத்தானே உங்கள அனுப்பினோம்? வித்தியாசம் வந்திருக்கு. சந்தோஷப்படுங்க மாஸ்டர்."

பின்னேர நிறுவை

சனிக்கிழமை வகுப்பில் இடமில்லை என்று சொல்ல நானே தோட்டத்துக்குப் போனேன். செல்வராணியின் அம்மா கொழுந்துச் சாக்கோடு வரிசையில் நின்றார். மகள் எழுதிய விடையையும் எங்கள் விடையையும் சொன்னேன். சாக்கைக் கீழே இறக்கி வைத்தார். பிறகு, தராசடியில் நின்று நிறுத்து எழுதும் கணக்குப்பிள்ளைக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகக் கேட்டார். "கழிக்காம இருபத்தொண்ணுதான் சரின்னு உங்க தாள்லயே இருக்குதுங்களா? அதுல ஒண்ணு குடுங்க சேர், இந்தத் தராசுல ஒட்டி வைக்கிறேன்."

செல்வராணிக்குக் கூட்டல் வராது என்று என் கையெழுத்தில்தான் அறிக்கை போனது. கூட்டல் வராத ஆள் தராசுக்குப் பின்னால் நிற்கிறார் என்று குறிக்க அதில் கட்டம் இல்லை.