கூட்ஸ் வண்டி போன மத்தியானம்

கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடப்பட்ட பிறகு நாங்கள் பெங்களூருக்கு வந்து, ஒக்கலிபுரத்தில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு சின்ன வீட்டில் குடியேறினோம். நான், என் கணவர், எட்டு வயது மகள். பதினேழு வருடம் பூமிக்கடியில் இறங்கிப் பாறை உடைத்தவருக்கு, வைட்ஃபீல்டில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கும் வேலை கிடைத்தது. "பட்டன் அமுக்குறதெல்லாம் ஒரு வேலையா?" என்று சீருடையைக் கழற்றும்போதெல்லாம் முணுமுணுப்பார். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், வேறு எங்காவது சுரங்க வேலை கிடைக்கட்டும் என்று ஆறு மாதம் வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருந்தேன்.

கிடைத்தது. வடக்கே இன்னொரு தங்கச் சுரங்கத்திலிருந்து கடிதம் வந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். என் ஜெபம் கேட்கப்பட்டது என்று பூரித்துப்போய், பெட்டியையும் நானே அடுக்கினேன்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை மத்தியானம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். வீடு அதிர்ந்தது. ரயில் சத்தம் பழகிய வீடுதான். ஆனால் இது வேறு மாதிரி, தரைக்குள்ளிருந்து வந்தது. அலமாரியில் தம்ளர்கள் கிலுகிலுத்து, ஒன்று விழுந்து உருண்டது.

எங்கள் ஊரில் அப்படி அதிர்ந்தால் கீழே பாறை வெடித்துவிட்டது என்று அர்த்தம். ஏர் பிளாஸ்ட் என்போம். பெண்கள் போட்டது போட்டபடி ஷாஃப்டுக்கு, அதுதான் சுரங்க வாயிலுக்கு, ஓடுவோம். மேலே வரும் ஒவ்வொரு முகமாகத் தேடுவோம்.

சோப்பு நுரைக் கையோடு, செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடினேன். "எந்த ஷாஃப்ட்? எந்த ஷாஃப்ட்?" என்று கத்தியிருக்கிறேன்.

வாசலில் பூக் கட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டம்மா திகைத்துப்போனார். "அய்யோ அக்கா, ஷாஃப்டும் இல்ல ஒண்ணும் இல்ல. இரும்பு ஏத்திக்கினு கூட்ஸ் வண்டி போவுது! சும்னே உக்காரு."

பின்னால் ஓடிவந்த மகள் என் முந்தானையை இழுத்தாள். "அம்மா! அப்பா எட்டாம் மாடியில இருக்காரும்மா!"

நான்கு வீடு தள்ளி இன்னொருத்தி நின்றிருந்தாள். அவளுக்கும் வெறுங்கால். கையில் குழம்புக் கரண்டி. அதுவரை நாங்கள் பேசியதே இல்லை.

"நீங்களும் கேஜிஎஃப்பா?" என்றேன்.

"ஆமாக்கா." அவளுக்கு மூச்சு வாங்கியது. "உங்க வீட்டுக்காரரு இப்ப எங்க?"

"லிஃப்ட்ல. உங்களுது?"

"ஆட்டோ ஓட்டுறாரு."

ஒருவரை ஒருவர் பார்த்தோம். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "ரெண்டுக்கும் பைத்தியம் புடிச்சிருக்கு" என்று பூக் கட்டியவர் தலையில் அடித்துக்கொண்டார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம்.

வீட்டுக்குள் வந்ததும் நான் அடுக்கி வைத்த பெட்டிதான் கண்ணில் பட்டது. எதைக் கேட்டு நான் பட்டினி கிடந்தேன்?

சாயங்காலம் அவர் வாசல்படி ஏறுவதற்குள் சொல்லிவிட்டேன். "நீங்க போக வேணாம்."

"பொட்டி கட்டினதே நீதானே?"

"நானே பிரிச்சிட்டேன்."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். "கடுதாசி வந்த நாள்லேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல. நீ அவ்ளோ சந்தோஷப்பட்டியா, எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றார். மகள் அதற்குள் அவருடைய தொப்பியைப் போட்டுக்கொண்டு, "எந்த ஃப்ளோர் சார்?" என்று கேட்டாள். சீருடையோடு அவர் சிரித்து அன்றுதான் முதலில் பார்த்தேன்.

இன்றும் தம்ளர் ஆடினால் என் கால் தெருவுக்கு ஓடப் பார்க்கும். அது போகாது போலிருக்கிறது.

அந்தச் சனிக்கு மறுநாள் பிரேசர் டவுன் சபையில், சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்றேன். "என் வீட்டுக்காரருக்குச் சுரங்கத்துல வேலை கிடைச்சுது. அவர் போகல. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

போதகர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, ஸ்தோத்திரம் கிடைச்சதுக்கா, போகாததுக்கா?"

ஆண்கள் பக்கத்தில் ஒருவர் மட்டும் குனிந்து தோள் குலுங்கச் சிரிப்பது தெரிந்தது.

"ரெண்டுக்கும்தான் ஐயா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.