எதிர் வீட்டு மோட்டாரின் மேல் அக்காவின் முகம்

எங்கள் தெருவில், எதிர் வீட்டுத் தண்ணீர் மோட்டாரின் மேல் என் அக்கா சிரித்துக்கொண்டிருக்கிறாள். நிஜ அக்கா இல்லை, தேர்தலுக்காக அச்சடித்த பிளாஸ்டிக் பலகையில் இருக்கும் அக்கா. ஆஸ்திரேலியாவில் இந்தப் பலகைகளை வீட்டு வேலிகளில் கட்டி ஓட்டுக் கேட்பார்களாம். காட்டுப்பாக்கத்தில் அது மோட்டார் நனையாமல் பார்த்துக்கொள்கிறது. வெயிலில் கன்னத்து நிறம் வெளுத்துவிட்டது. நெற்றியில் காக்கை பொட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறது. பல்வரிசை மட்டும் அப்படியே இருக்கிறது. காலையில் மண்ணூர்பேட்டைக்கு வேலைக்குக் கிளம்பும்போது அவளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன். எங்கள் வீட்டு மோட்டாரின் மேல் இருக்க வேண்டிய முகம் எதிர் வீட்டுக்கு எப்படிப் போனது என்று சொன்னால்தான் என் பெரியப்பாவைப் பற்றிச் சொன்னதாக ஆகும்.

பெரியப்பா ஆவடியில் படைத்துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அக்கா அவருடைய ஒரே மகள், நான் அவர் தம்பியின் மகள். குவார்ட்டர்ஸில் இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம். இப்போது எதிர் வீட்டில் இருப்பவரும் அதே தொழிற்சாலைதான், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இருவரும் ஒரே ஷிப்டு, ஒரே பெஞ்சு. ஒருவர் தூக்குச்சட்டியில் இன்னொருவர் கை விடும் சிநேகம். தொழிற்சங்கச் செயலாளர் பதவிக்கு இருவரும் எதிரெதிராக நின்றதில் அத்தனையும் போயிற்று. பெரியப்பா கையளவு ஓட்டில் தோற்றார். "பெயிண்ட் ஷாப்பு ஓட்டு பூரா பிரியாணிக்குப் பூட்ச்சி" என்று அன்று சொன்னவர்தான், அப்புறம் அந்த மனிதரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பெயரையும் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் அவர் வெறும் 'செயலாளர்'. அதையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும்.

கடவுளுக்கும் கிண்டல் உண்டு. ஓய்வு பெறும் காலத்தில் தொழிலாளர்கள் சேர்ந்து காட்டுப்பாக்கத்தில் நிலம் வாங்கி, குலுக்கல் போட்டு மனை பிரித்தார்கள். பெரியப்பாவுக்கு விழுந்த மனைக்கு நேரெதிர் மனை செயலாளருக்கு விழுந்தது. மாற்றிக்கொள்ளச் சொல்லி யார் யாரோ யோசனை சொன்னார்கள். "நான் இன்னாத்துக்கு மாத்தணும்? அவன் மாத்திக்கட்டும்" என்றார் பெரியப்பா. செயலாளரும் அதையே சொல்லியிருப்பார் போல. இரண்டு வீடும் எழும்பின. காலையில் ஒருவர் பேப்பர் எடுக்க வெளியே வந்தால் இன்னொருவர் உள்ளே போய்விடுவார்.

இந்தப் பகையில் பெரியப்பாவை அரித்துக்கொண்டிருந்த ஒன்று உண்டு. எனக்கு அது பெரியம்மா சொல்லித்தான் தெரியும். தேர்தல் நடந்த சமயத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் ஒரு தொழிலாளி மாரடைப்பில் இறந்துபோனார். அவர் மனைவிக்குத் தொழிற்சாலையில் வேலை வாங்கித்தர பெரியப்பா மனு எழுதி, அலுவலகம் அலுவலகமாக அலைந்துகொண்டிருந்தார். தோற்ற பிறகு அந்த வேலையை அப்படியே விட்டுவிட்டார். இனிமேல் அலைந்தால் பேர் செயலாளருக்குப் போகும் என்ற வீம்பு. கொஞ்ச நாளில் அந்த அம்மா பிள்ளையோடு சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு குவார்ட்டர்ஸை விட்டே போய்விட்டார். கையில் ஒன்றுமில்லாமல் ஊருக்குப் போய்விட்டார் என்றுதான் பெரியப்பா நினைத்தார். அந்தப் பேச்சை அவர் முன்னால் எடுக்க ஒருவருக்கும் தைரியம் கிடையாது. லாரி போன திசையைப் பார்த்துக்கொண்டு அன்று முழுக்கச் சாப்பிடாமல் இருந்தாராம்.

அக்கா கல்யாணமாகி ஆஸ்திரேலியா போனவள். அங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸாக வேலை செய்தாள். மாலை ஷிப்டு முடிந்தால் வீட்டுக்கு வர பஸ் இல்லை. ஒரு நாள் இரண்டு நாள் பொறுத்தாள், பிறகு தன்னைப் போல நடந்து போகிறவர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டு கையெழுத்து வாங்க ஆரம்பித்தாள். பஸ் வந்தது. பஸ்ஸோடு அரசியலும் வந்தது. முதலில் நகரசபை, அப்புறம் அவள் இருந்த மாநிலத்தின் நாடாளுமன்றம், நம் சட்டசபை மாதிரி. அவள் ஜெயித்த சேதி வந்த அன்று எங்கள் தெரு முனையில் ஃபிளெக்ஸ் பேனர் வைத்துவிட்டார்கள். அக்கா ஊருக்கு வந்தபோது ஆளாளுக்குப் பொன்னாடையும் மனுவுமாக வந்து நின்றார்கள். "நான் அந்த ஊர் உறுப்பினர் அண்ணே, எனக்கு இங்க ஓட்டே கெடையாது" என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள். "பரவால்லம்மா, கலெக்டர் ஆபீசுக்கு ஒரு போன் மட்டும் போட்டுடு" என்றார் வானகரத்திலிருந்து வந்த ஒருவர்.

அவளுடைய முதல் உரையை பெரியப்பா என் செல்போனில் பார்த்தார். புதிதாக வந்த உறுப்பினர் முதல் தடவை பேசும்போது யாரும் குறுக்கிடக் கூடாது என்பது அங்கே வழக்கமாம். அவள் ஆவடியைப் பற்றிச் சொன்னாள், தொழிற்சாலைச் சங்கு ஊதியதும் சைக்கிள்கள் திரண்டு வருவதைச் சொன்னாள், "என் அப்பா வாசலில் எப்போதும் யாராவது ஒருவர் உதவி கேட்டு நின்றிருப்பார்" என்றாள். பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பேசி முடித்ததும் எதிர்க்கட்சிக்காரர்களும் வரிசையில் வந்து கைகுலுக்கினார்கள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. "இன்னாடி இது, எதிரியெல்லாம் வந்து கை குடுக்கிறான்? அப்பறம் இன்னா எதிர்க்கட்சி?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்.

உறுப்பினர் என்றால் சிவப்பு விளக்குக் காரும் பின்னால் பத்து வண்டியும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அவள் அலுவலகம் மீன் வறுவல் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் இருந்தது. சனிக்கிழமைகளில் கடைத்தெருவில் ஒரு மடக்கு மேசையைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். வருகிறவர்கள் திட்டிவிட்டுப் போவார்கள், சிலர் நாய்க்குட்டியைக் காட்டிவிட்டுப் போவார்கள். நடைபாதை பெயர்ந்து கிடப்பதால் பிடித்து நடக்கும் சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போக முடியவில்லை என்று ஒரு மூதாட்டி வாரம் தவறாமல் வந்து நிற்பாராம். போனில் அக்கா இதையெல்லாம் சொல்லும்போது பெரியப்பா கேட்டுக்கொண்டே இருப்பார். "அந்த நடைபாதை இன்னாச்சி?" என்று அவரே அடுத்த வாரம் விசாரிப்பார்.

அடுத்த தேர்தலில் அக்கா தோற்றுப்போனாள். அங்கே ஓட்டுப் போடுகிறவர்கள் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று வரிசை எழுத வேண்டும். முதல் விருப்பத்தில் அக்காதான் முன்னால் இருந்தாள். கடைசியில் வந்தவர்களின் ஓட்டுகளை அவரவர் எழுதிய அடுத்த விருப்பப்படி பிரித்துச் சேர்த்தபோது எதிராளி முந்திவிட்டார். "மொதல்ல வந்தவ எப்டி தோப்பா? மறுபடி எண்ணச் சொல்லு" என்று பெரியப்பா தெருவே அதிரக் கத்தினார். அதற்குள் அக்கா எதிராளிக்குப் போன் போட்டு வாழ்த்தே சொல்லிவிட்டாள். தன்னோடு உழைத்தவர்களை ஒரு சின்ன மண்டபத்தில் கூட்டி, ஜெயித்தவர் நல்ல மனிதர், ஊருக்கு நல்லது செய்வார் என்று சிரித்துக்கொண்டே பேசினாள். செல்போனில் வந்த அந்த வீடியோவைப் பெரியப்பா பாதியில் நிறுத்தச் சொன்னார்.

மறுநாள் மத்தியானம் அவளே கூப்பிட்டாள். நானும் பக்கத்தில் இருந்தேன். பெரியப்பா தன் அனுபவத்தையெல்லாம் திரட்டி மகளுக்குப் பகையின் இலக்கணம் சொன்னார். "அவன் ஊட்டுப் பக்கம் தல வச்சிப் படுக்காத. எதிர்ல வந்தா ரோட்ட தாண்டிப் போயிடு." அக்கா, "நாளைக்கு அவரைப் பார்க்கத்தாம்பா போறேன். அந்தப் பாட்டி நடைபாதை பாதியில நிக்குது. யாரைப் பார்க்கணும், எங்க இழுத்தடிப்பாங்கன்னு அவருக்குச் சொல்லணும்" என்றாள். பெரியப்பா, "வேல முடிஞ்சா பேரு அவனுக்குடி" என்றார். "போகட்டும்பா. தோத்தது நான்தானே. அந்தப் பாட்டி தோக்கலையே" என்றாள் அக்கா.

போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். வெயில் தாழ்கிறவரை எழுந்திருக்கவில்லை. காபி ஆறிப்போனது. லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு போன அந்த அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று பெரியம்மாவுக்கும் எனக்கும் தெரியும். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கேட்டைத் திறந்தார். வீட்டிலிருந்து எதிர் வீடு பத்தடிதான். அந்தப் பத்தடியை அவர் கடந்ததை நான் மாடியிலிருந்து பார்த்தேன்.

செயலாளர் வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பெரியப்பா வணக்கம் சொல்லவில்லை, நலம் விசாரிக்கவில்லை. "அந்தம்மா இப்ப எங்க கீறாங்கன்னு உனக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். எந்த அம்மா என்று செயலாளரும் கேட்கவில்லை. குழாயைக் கீழே போட்டுவிட்டு இவரையே பார்த்தார். "அது அப்பவே முடிஞ்சிட்டு வே. திருச்சி யூனிட்ல வேலை போட்டுக் குடுத்தாங்க. ரிட்டயர்டும் ஆயாச்சு. நீரு எழுதின மனுவத்தான் நான் தூக்கிட்டு அலைஞ்சேன்" என்றார். "ஏன்யா எங்கிட்ட சொல்லல?" என்றார் பெரியப்பா. "எப்பிடிச் சொல்ல? என்னயக் கண்டா ரோட்ட தாண்டிப் போயிருவேரே" என்றார் அவர்.

அந்த அம்மாவின் நம்பர் செயலாளரிடம் இருந்தது. பொங்கலுக்குப் பொங்கல் கூப்பிடுவார்களாம். அங்கேயே நின்று போட்டுக் கொடுத்தார். நானும் இறங்கிப் போய்விட்டேன். பெரியப்பா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நல்லா கீறியாம்மா?" என்று கேட்டார். "நல்லா கீறேண்ணே. பையன் இஞ்சினீயரு. எல்லாம் நீங்க ஆரம்பிச்சி வச்சதுதாண்ணே" என்று அந்தப் பக்கம் குரல் கேட்டது. பெரியப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார். இத்தனை வருஷம் பெரியப்பா வீணாகச் சுமந்த பாரத்தை நினைத்து எனக்கும் அழுகை வந்தது, கோபமும் வந்தது. ஒரு வாய் வார்த்தை, பத்தடி தூரம். செயலாளர் குழாயை மூட மறந்துவிட்டார், தெருவெல்லாம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா தோற்ற பிறகு வேலிவேலியாகப் போய்த் தன் பலகைகளைத் தானே கழற்றினாள். அதில் ஒன்றை ஊருக்கு வந்த ஒருவரிடம் அப்பாவுக்கென்று கொடுத்தனுப்பினாள். பெரியப்பா அதை எங்கள் மோட்டாருக்குக் கூரையாக வைத்தார். மழைக்காலத்தில் எதிர் வீட்டு மோட்டாரில் தண்ணீர் இறங்கி, இரண்டாம் தடவையாக உள்ளிருக்கும் காயில் கம்பி கருகிப்போனபோது, அவரே பலகையைக் கழற்றிக் கொண்டுபோய்க் கம்பி வைத்துக் கட்டிவிட்டு வந்தார். எங்கள் மோட்டாருக்கு இப்போது பழைய தகரம்தான்.

அக்கா வருகிற தேர்தலில் மறுபடியும் நிற்கிறாள். போன வாரம் கூப்பிட்டவள், "பலகை அடிக்கச் செலவு ஏறிப்போச்சுப்பா, அந்தப் பழசைத் திருப்பி அனுப்புங்க" என்று சீண்டினாள். பெரியப்பா அப்போது எதிர் வீட்டு வாசலில் செயலாளரோடு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். போனைக் கையில் வாங்கியவர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். "அது இவன் ஊட்டு மோட்டாருக்குக் கட்னது. நீ வேற அடிச்சிக்கோ" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தோத்தா மொதல்ல ஜெயிச்சவனுக்குப் போன் போட்டுடும்மா. நாளத் தள்ளாத" என்றார்.